மலைச்சரிவும் சுரங்கமும்: அண்டத்தை அளந்த இடங்கள்

அண்டத்தின் அளவைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு வானாய்வு நிலையத்திலிருந்து தொடங்குவர். நாம் ஒரு தேயிலைச் சரிவிலிருந்து தொடங்குவோம். பகாங் மாநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலையை இவ்வுரையின் நிலைக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றிற்று. நட்டு, கவாத்து வெட்டி, கொழுந்து பறித்து இத்தோட்டங்களை வளர்த்த கைகளுள் தமிழர் கைகள் மிகுதி. இன்று அந்தச் சரிவுகளில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கின்றனர். ஆயினும் தமிழ்ப்பள்ளியும் மாரியம்மன் கோயிலும் லயமும் அம்மலையின் வரலாற்றிலிருந்து நீங்கிவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மனிதன் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் அளக்க முற்பட்டபோது, அவ்வளவைகளுள் சில கேமரன் மலையை ஒத்த இடங்களிலேயே நிகழ்ந்தன. ஒன்று நீலகிரியின் ஒரு சரிவு. மற்றொன்று கோலார் தங்கவயலின் ஒரு சுரங்கம். இரண்டும் ஆங்கிலேயர் முதலீட்டாலும் தமிழ்த் தொழிலாளர் உழைப்பாலும் திறக்கப்பட்ட நிலங்கள். இரண்டிலும் தொழிலாளர் வரிசை வரிசையான லயங்களில் வாழ்ந்தனர். அறிவியல் நூல்கள் இவ்விடங்களை ஓர் ஊர்ப்பெயராக மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கின்றன. நாம் அந்த ஊர்ப்பெயர்களிடத்துச் சற்றே நிற்க விரும்புகிறோம்.

முதலில் அளவுகளைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமான ஒரு கொழுந்தை எடுத்துக்கொள்க. அதன் நீளம் சில சென்டிமீட்டர். அவ்விலையின் செல்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 50 அடங்கும். அதே மில்லிமீட்டருக்குள் அணுக்களை அடுக்கினால் ஒரு கோடி வரை அடங்கும். அணுவின் உள்ளே கரு இருக்கிறது. ஒரு தேயிலை விதையின் பருமனுக்கு அக்கருவைப் பெருக்கிப் பார்த்தால், அணுவின் விளிம்பு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். இடையில் உள்ளதெல்லாம் எலெக்ட்ரான்கள் உலவும் வெறுமை. கருவிலுள்ள புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே குவார்க்குகள் உள்ளன. குவார்க்குக்கும் எலெக்ட்ரானுக்கும் இதுவரை எந்தக் கருவியாலும் ஒரு பருமனைக் காண முடியவில்லை. இருந்தால் அது புரோட்டானின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியது என்பதே இன்றைய நிலை.

மேல்நோக்கிச் சென்றால், ஞாயிறு 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்குச் சற்று மேலாகிறது. ஓர் ஒளியாண்டு என்பது 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். நமது பால்வழித் திரளின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு. அண்டைப் பெருந்திரளான ஆண்ட்ரோமெடா 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இருள் சூழ்ந்த சரிவொன்றில் நிலவில்லாத இரவில் வெறுங்கண்ணுக்கே அது ஒரு மங்கிய திட்டாகத் தெரியும். நாம் காணக்கூடிய அண்டத்தின் எல்லை எத்திசையிலும் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டு. மில்லியன், பில்லியன் என்று பள்ளியில் பழகிய மலேசியத் தமிழர் செவிக்கு இலட்சமும் கோடியும் சற்றுப் பழைய ஒலியாகத் தோன்றலாம். இவ்வளவு பெரிய எண்களைச் சொல்வதற்கு இரு முறைகளும் போதா என்பதால் எதை எடுத்தாலும் ஒன்றே.

பேரளவும் நுண்ணளவும் தமிழ் மனத்திற்குப் புதியன அல்ல. பழைய கணக்கு வாய்பாட்டில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்பது அம்முந்திரியின் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400-இல் ஒன்று. அதற்கும் கீழே இம்மி உண்டு, அதற்கும் கீழே அணு உண்டு. ‘இம்மியளவும் இல்லை’ என்று இன்றும் சொல்கிறோம். மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில், எண்ணிறந்த அண்டங்களை வீட்டினுள் புகும் கதிரொளியில் தெரியும் தூசுக்கு ஒப்பிட்டார். தேயிலை ஆலையில் பலகணி வழியே விழும் வெயிலைக் கண்டவர்க்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. எனினும் இவற்றைக் காட்டி, இன்றைய இயற்பியலை முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவதை நாம் ஏற்பதற்கில்லை. மாணிக்கவாசகர் வியந்தார். அளக்கவில்லை. அளப்பதாக அவர் சொல்லவும் இல்லை. வியப்பை அளவையாக மாற்றிக் காட்டுவது அவருக்கும் பெருமை சேர்க்காது, அளவைக்கும் பெருமை சேர்க்காது. தமிழர் உண்மையில் தொட்டு நின்ற அளவைகள் வேறு. அவை நம் பெற்றோர் காலத்தவை.

நீலகிரிக்கு வருவோம். உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில், மலைச்சரிவின் மீது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நீண்ட தொட்டி போன்ற கருவி அமைந்துள்ளது. உதகை ரேடியோ தொலைநோக்கி என்பது அதன் பெயர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப்பின் எண்ணத்தில் 1963-இல் உருவாகி, 1965-இல் வேலை தொடங்கி, 1970-இல் இயங்கத் தொடங்கியது. பரவளைவாக வளைந்த 24 இரும்புச் சட்டங்களின் மேல் 1,100 துருவேறா எஃகுக் கம்பிகள் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. கண்ணாடி இல்லை, ஆடி இல்லை. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளுக்கு இக்கம்பிகளே ஆடி.

இக்கருவியின் அழகு அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. புவி தன் அச்சில் சுழல்வதால் விண்பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வனபோல் தோன்றுகின்றன. ஒரு பொருளை விடாது பின்தொடர வேண்டுமானால், புவியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் தொலைநோக்கி திரும்ப வேண்டும். அந்த அச்சு கிடைமட்டத்திற்கு எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பதை அவ்விடத்தின் அட்சரேகை முடிவு செய்யும். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. எனவே தெற்கு வடக்காக 11 பாகை சாய்ந்த ஓர் இயற்கைச் சரிவு கிடைத்தால், அதன் மேல் கருவியைக் கிடத்தினாலே அதன் நெடுக்கு புவியின் அச்சுக்கு இணையாகிவிடும். அதன்பின் நெடுக்கைச் சுற்றி உருட்டினால் போதும். விலையுயர்ந்த பெரும் சுழற்பொறி வேண்டியதில்லை. ஏழை நாடு ஒன்று தன் மலையின் சாய்வையே கருவியின் ஓர் உறுப்பாக்கிக்கொண்டது. ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் அது பின்தொடரும்.

சரிவின் பாகையைக் காலால் அறிந்தவர்கள் தேயிலைத் தோட்டத்தார். எந்த நிரையில் கூடையைச் சுமந்து நேராக ஏறலாம், எதில் குறுக்காக நடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கேமரன் மலையின் அட்சரேகை நாலரைப் பாகை. இத்தகைய கருவி ஒன்றை இங்கே கிடத்த வேண்டுமாயின் அதைவிட மெல்லிய சரிவு போதும். முகில் மூடிய மலையாயிற்றே என்று ஐயுற வேண்டா. ரேடியோ அலைக்கு முகில் தடையன்று.

இக்கருவி என்ன கண்டது? நிலவு வானில் நகரும்போது சில ரேடியோ மூலங்களை மறைத்து மீண்டும் விடுவிக்கும். மறையும் கணத்தில் அலையின் வலிமை எப்படிக் குறைகிறது என்பதை நுட்பமாகப் பதிவு செய்தால் அம்மூலத்தின் இடமும் பருமனும் புலப்படும். நிலவின் விளிம்பையே ஓர் அளவுகோலின் ஓரமாகப் பயன்படுத்தும் முறை இது. இவ்வாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை உதகைக் குழுவினர் அளந்தனர். அவற்றுட் பல மிகமிகத் தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள்.

அக்காலத்தே அண்டத்தைப் பற்றி இரு கொள்கைகள் மோதிக்கொண்டிருந்தன. அண்டம் என்றும் ஒரே தன்மையதாய் இருந்து வருகிறது என்றார் பிரெட் ஹாயில். ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்து மாறிக்கொண்டே வருகிறது என்றனர் மற்றையோர். தொலைவை நோக்குவது பழமையை நோக்குவதாகும். ஆதலால் தொலைவிலுள்ள திரள்கள் அருகிலுள்ளவற்றினின்று வேறுபட்டிருந்தால், அண்டம் மாறி வந்துள்ளது என்பது தெளிவாகும். 1975-இல் சுவரூப்பும் விஜய் கபாகியும் வெளியிட்ட முடிவுகள் அத்தகைய வேறுபாட்டைக் காட்டின. 1965-இல் கண்டறியப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிரியக்கம் அம்மோதலை ஏறத்தாழ முடித்து வைத்திருந்தது உண்மையே. எனினும் உதகையின் சான்று அதனைச் சாராத, தனித்து நிற்கும் சான்று. அண்டத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்பதற்கு ஒரு நீலகிரிச் சரிவு சாட்சி சொல்லியது.

அதே ஆண்டுகளில் அம்மலையில் வேறொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரு நாட்டு அரசுகளும் அவர்களைக் கேளாமலே முடிவு செய்தன. திரும்பி வந்தோருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கிற்று. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்னும் கழகமாயிற்று. முத்தொரையில் இரும்புச் சட்டங்கள் நிமிர்த்தப்பட்ட அதே காலத்தில், அதே மாவட்டத்தில், கப்பலிலும் புகைவண்டியிலும் வந்து இறங்கிய குடும்பங்கள் காட்டை வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்தன. அறிவியல் வரலாறு எழுதுவோர் முதலாவதை மட்டும் எழுதுகின்றனர். தோட்ட வரலாறு எழுதுவோர் இரண்டாவதை மட்டும் எழுதுகின்றனர். ஒரே மலையின் இரு கதைகள் இன்னும் ஒரே நூலில் சேரவில்லை என்பது நமக்குக் குறையாகவே படுகிறது.

உதகை மிகப் பெரியதை மட்டும் அளந்த ஊரன்று. விண்ணிலிருந்து ஓயாது வந்து விழும் அண்டக் கதிர்கள் காற்றின் அணுக்களோடு மோதி, துகள்களின் மழையாகச் சிதறுகின்றன. அம்மழையில் மியூவான் என்னும் துகள் தரை வரை வந்து சேரும். நம் உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நொடிக்கு ஒன்று வீதம் அதனூடே சென்றுகொண்டிருக்கிறது. 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் இவற்றைப் பதிவு செய்ய ‘கிரேப்ஸ்-3’ என்னும் கருவித் தொகுதி இயங்கி வருகிறது. 2014 திசம்பர் 1 அன்று ஓர் இடிமுகில் அதன் மேலே கடந்தபோது மியூவான்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. அக்குறைவிலிருந்து அம்முகிலின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்து 2019-இல் வெளியிட்டனர். அதற்கு முன் யாரும் ஒரு முகிலில் அவ்வளவு அழுத்தத்தை அளந்ததில்லை. மலைத்தோட்டத்தார் நாள்தோறும் அஞ்சி ஒதுங்கும் பிற்பகல் இடிக்கு, அணுவினும் சிறிய ஒரு துகள் அளவுகோலாயிற்று.

இனி மலையை விட்டுச் சுரங்கத்துக்கு இறங்குவோம். மியூவான்களைக் கண்டு பழகியவர்களுக்கு அவை இல்லாத இடம் ஒன்று தேவைப்பட்டது. ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

1930-இல் வோல்ஃப்காங் பவுலி, மின்னேற்றம் இல்லாத, எதனோடும் எளிதில் மோதாத ஒரு துகள் இருக்க வேண்டும் என்றார். அதுவே நியூட்ரினோ. தமிழில் இதற்கு நுண்நொதுமி என்று ஒரு சொல் உண்டு. நல்ல ஆக்கமே. ஆயினும் மக்கள் நாவில் நியூட்ரினோவே நிலைபெற்றுவிட்டதால் அதனையே கொள்கிறோம். ஞாயிற்றிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு 6,500 கோடி வீதம் கடக்கின்றன. புவியையே ஊடுருவி மறுபுறம் சென்றுவிடும் அவை, மிக அரிதாக எப்போதோ ஓர் அணுக்கருவோடு மோதும். அந்த அரிய மோதலைக் காண வேண்டுமானால், இடைவிடாது பொழியும் மியூவான் மழைக்கு ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதற்கு வேண்டிய குடை கிலோமீட்டர் கணக்கான பாறை.

அத்தகைய குடை கோலார் தங்கவயலில் இருந்தது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் தோண்டிற்று. தோண்டியவர்களுட் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் மிகுதியானோர் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். மைசூர் அரசின் எல்லைக்குள் ஒரு தமிழ் நகரத்தை அவர்கள் எழுப்பினர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் அங்கே வேரூன்றியது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின், 1920-களில், தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. சுரங்கம் ஆழ ஆழப் பாறையின் வெப்பம் ஏறியது. பாறை தானே வெடித்துச் சிதறும் நிகழ்ச்சிகளில் மாண்டோர் பலர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அது ஒன்று. அந்த ஆழத்தை இயற்பியலார் வெட்டவில்லை. அவர்கள் வந்தபோது அது அங்கே இருந்தது.

1950-களின் தொடக்கத்தில் பி. வி. ஸ்ரீகண்டன் கருவிகளோடு அச்சுரங்கத்தில் இறங்கி, ஆழத்துக்கு ஆழம் மியூவான்களை எண்ணத் தொடங்கினார். 1960-களில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் அவ்வேலையை மேலும் ஆழத்துக்குக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் கருவியை வைத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறெந்தச் சோதனையிலும் இதனைத் தோல்வி என்பர். இங்கே அந்தச் சூனியமே வெற்றி. இவ்வளவு ஓசையற்ற இடத்தில் இனி ஏதேனும் ஒலித்தால் அது நியூட்ரினோவாகத்தான் இருக்க முடியும்.

பம்பாயின் டாட்டா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபின் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. எம். ஜி. கே. மேனன் அக்குழுவின் முன்னின்றார். 1965-இல் காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ ஒன்று பாறையில் மோதியதன் அடையாளத்தை அவர்கள் கண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று அம்முடிவு அச்சேறிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பிரெட்ரிக் ரெய்ன்ஸ் குழுவினரும் இதே வேட்டையில் இருந்தனர். அவர்கள் பிப்ரவரியிலேயே ஒரு நிகழ்வைக் கண்டிருந்தும் இரண்டு வாரம் பிந்தி வெளியிட்டனர். யார் முந்தியவர் என்ற வழக்கு இன்றும் அவ்வப்போது எழும். கண்டதில் அவர்கள் முந்தினர், வெளியிட்டதில் இவர்கள் முந்தினர் என்பதோடு விட்டுவிடலாம். இரண்டு குழுவினரும் பிறர் வெட்டிய தங்கச் சுரங்கத்தில் நின்றே அதைக் கண்டனர் என்பதுதான் நம் கருத்தை ஈர்க்கிறது.

1980-இல் அதே ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்று நிறுவப்பட்டது. புரோட்டான் அழியுமா என்பது கேள்வி. ஓர் இரும்புக் குவியலைச் சுற்றிக் காவல் வைத்து, அதிலுள்ள கோடானுகோடி புரோட்டான்களுள் ஒன்றேனும் சிதைகிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். சிதைந்தது போன்ற சில நிகழ்வுகளைக் கண்டதாக அவர்கள் கூறியதை உலகின் பெரிய கருவிகள் உறுதி செய்யவில்லை. புரோட்டான் இன்றுவரை அழிந்து காணப்படவில்லை.

தங்கம் குறைந்தது. ஆழத்துச் சுரங்கப் பகுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் சோதனைகள் நின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் மூடப்பட்டது. தொழிலாளர் பிள்ளைகள் இன்று விடியற்காலைப் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். நியூட்ரினோ காணப்பட்ட அறை நீருக்குள் இருக்கிறது.

பெரியதும் சிறியதும் இரு வேறு துறைகள் என்று இதுவரை பிரித்தே பேசினோம். அப்பிரிவு இயற்கையில் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், பயணத்திலேயே போட்ட கணக்கு இதைத்தான் காட்டியது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்க மறுக்கும் இயல்பே ஒரு முதிர்ந்த விண்மீனைத் தாங்கி நிற்கிறது. ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை சேர்ந்துவிட்டால் அத்தாங்கல் போதாது, விண்மீன் சரியும். பருமனே காணப்படாத துகள் ஒன்று விண்மீனின் முடிவை வகுக்கிறது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நான்கே ஆண்டுகளில் அச்சரிவைக் கண்ணால் காணும் வாய்ப்பு உலகுக்கு வந்தது. பால்வழியைச் சுற்றும் துணைத்திரளான பெரிய மெகல்லானிய முகில், 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில் தென்வானில் உள்ளது. அதிலிருந்த பெரும் விண்மீன் ஒன்றின் உள்ளகம் சரிந்து, வெளியுறை வெடித்துச் சிதறியது. அதன் ஒளி 1987 பிப்ரவரி 24 அன்று தென்னமெரிக்காவில் காணப்பட்டது. ஒளிக்கு முன்பே நியூட்ரினோக்கள் வந்துவிட்டன. சரிந்த உள்ளகத்திலிருந்து அவை உடனே வெளியேறும். ஒளியோ அதிர்ச்சி விண்மீனின் மேற்பரப்பை எட்டும்வரை காத்திருக்க வேண்டும். அவை புவியைக் கடந்த நேரம் துல்லியமாகத் தெரியும். மலேசிய நேரப்படி பிப்ரவரி 23, திங்கட்கிழமை, பிற்பகல் 3 மணி 35 நிமிடம்.

கேமரன் மலையில் அது வேலை நாளின் பிற்பகல். அப்போது சரிவில் நின்ற ஒவ்வொருவரின் உடலிலும், ஒவ்வொரு செடியிலும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் வேறொரு திரளிலிருந்து வந்த ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட நியூட்ரினோக்கள் சில நொடிகளில் கடந்து சென்றன. எவரும் உணரவில்லை, உணர்ந்திருக்க முடியாது. உலகம் முழுவதிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத்து நாட்டிலும் இருந்த மூன்று கருவிகளில் மட்டும் மொத்தமாக ஏறத்தாழ 25 பதிவுகள் விழுந்தன. ஜப்பானியக் கருவி கமியோகாச் சுரங்கத்திலும் அமெரிக்கக் கருவி ஓர் உப்புச் சுரங்கத்திலும் இருந்தன. இங்கும் சுரங்கமே. அடுத்த சில வாரங்களில் அவ்விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது. தென்னடிவானம் மறையாத ஒரு சரிவில் முன்னிரவில் நின்றவர்கள் அதைக் கண்டிருக்கலாம். நாலரைப் பாகை வடக்கில் இருப்பதால் கேமரன் மலைக்கு அந்தப் பேறு உண்டு.

இக்கதையைத் தமிழில் சொல்ல முடியுமா என்பது ஒரு காலத்தில் வாதத்திற்குரியதாக இருந்தது. பெ. நா. அப்புசுவாமி போன்றோர் வாழ்நாள் முழுவதும் எழுதியும், தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் கலைக்களஞ்சியத் தொகுதிகளை வெளியிட்டும் அதற்கு விடை சொல்லிவிட்டனர். மலேசியாவில் அவ்வினா வேறு வடிவில் திரும்பிற்று. 2003 முதல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளையும் தழுவியது. 2009-இல் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்த தோட்டப் பிள்ளைகளுக்கு அணுவும் அண்டமும் வீட்டில் பேசாத ஒரு மொழியில் வந்து சேர்ந்தன. ஆங்கிலத்தில் அறிந்தது குறையென்று நாம் சொல்லவில்லை. அறிந்ததைப் பெற்றோரிடம் சொல்ல இயலாமற் போனதே குறை.

மொழி இல்லாத அறிவியல் என்ன ஆகும் என்பதற்குத் தேனி மாவட்டத்தில் ஒரு சான்று உண்டு. தங்கவயல் மூடியபின், அதன் வழித்தோன்றலாக இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை அமைக்க இடம் தேடியோர், பொட்டிப்புரம் ஊரையொட்டிய போடி மேற்கு மலையைத் தேர்ந்தனர். 1,000 மீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கு அடியில், காந்தமேற்றிய 50,000 டன் இரும்பு. 2015 சனவரியில் நடுவண் அரசு ஒப்புதல் தந்தது. ஊர்மக்கள் எதிர்த்தனர். பாறை வெடிப்பதால் மலையும் நீரும் என்னாகும், நியூட்ரினோ உடலுக்குக் கேடா என்று கேட்டனர். முதற்கேள்வி முற்றிலும் நியாயமானது. மலையடிவாரத்தில் பயிர் செய்பவர் அதைக் கேட்காதிருந்தால்தான் வியப்பு. இரண்டாவதற்கு விடை எளிது, 1987-இன் பிற்பகலே விடை. ஆனால் அவ்வெளிய விடை ஊராரின் மொழியில் போதிய அளவு முன்கூட்டியே சென்று சேரவில்லை என்பது நம் கருத்து. நியாயமான அச்சத்தையும் நியாயமற்ற அச்சத்தையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் கிட்டவில்லை. 2022 பிப்ரவரியில், அம்மலையில் ஆய்வகத்துக்கு இடம் தர இயலாது என்று தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

போடி மலை தோண்டப்படாமல் நிற்கிறது. முத்தொரையின் தொட்டி மட்டும் தன் 11 பாகைச் சரிவில், விண்பொருள்களின் பின்னே கிழக்கிலிருந்து மேற்காக இன்றும் திரும்பிக்கொண்டிருக்கிறது.